"ஊற்றலாமா?"

தாதிமை படிக்கிறேன் என்றால் பக்கத்துத் துறை நண்பர்கள், "பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுவீங்களாமே!" என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம், பொம்மைதான். 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனை மாணவிகளுக்காக மார்த்தா ஜென்கின்ஸ் சேஸ் என்ற அம்மையார் ஆளுயரப் பொம்மை செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் பொம்மையிடம் ஒரு சங்கடம் உண்டு. நாம் தப்பாகச் செய்தால் அது இருமாது, முகம் சுளிக்காது.

இது எனக்கு உறைத்தது, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்தும் பாடத்தில். விழுங்க முடியாத நோயாளிக்கு அதன் வழியாகத்தான் பால் போகும். குழாய் தடம் மாறி மூச்சுப் பாதையில் போய், அதில் பாலை ஊற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் ஆசிரியை கையாண்டது, அறுவை மருத்துவர் பெய்ட்டன் 1998-ல் வெளியிட்ட நான்கு படி முறை. முதலில் ஒரு வார்த்தை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டினார். இரண்டாம் முறை மெதுவாக, காரணங்களோடு: மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை அளந்து குழாயில் அடையாளம் வைக்கணும். செலுத்திய பிறகு கொஞ்சம் நீரை உறிஞ்சி எடுத்து, பிஎச் தாளில் விட்டுப் பார்க்கணும். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால்தான் பால்.

மூன்றாவது படியில்தான் மாட்டிக்கொண்டேன். "இப்ப நீ சொல்லு, நான் செய்றேன். நீ சொல்லாத எதையும் செய்ய மாட்டேன்" என்றார். கடகடவென்று சொன்னேன். குழாயைச் செலுத்தினார், பிளாஸ்திரி ஒட்டினார், பால் சிரிஞ்சைக் கையில் எடுத்தார்.

"ஊற்றலாமா?"

"ஊற்றுங்க மிஸ்."

நிதானமாக ஊற்றி முடித்துவிட்டுக் கேட்டார்: "எங்கே ஊற்றினேன்? இரைப்பையிலா, நுரையீரலிலா?"

பிஎச் சோதனையை நான் சொல்லவே இல்லை! இரண்டு தடவை பார்த்து, நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்ல வைத்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. நான்காவது படியில் சொல்லிக்கொண்டே நானே செய்தேன். மறப்பேனா!

ஒவ்வொருவருக்கும் இப்படிச் செய்ய நேரம் போதாதுதான். இருவர் இருவராக, ஒருவர் சொல்ல மற்றவர் செய்யலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் மறந்தால்? ஆசிரியர் சுற்றி வந்தே ஆகணும் என்பது என் கட்சி.

பிறகு வார்டு பயிற்சியில், பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர். குழாய் ஏற்கெனவே போட்டிருந்தது. பகல் உணவு நேரம், சிஸ்டர் பக்கத்தில் நின்றார். தாளில் 7-க்குரிய நிறம் வந்தது. மிஸ்ஸின் "ஊற்றலாமா?" காதில் கேட்டது.

"இப்ப கொடுக்கக் கூடாது சிஸ்டர்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது.

மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குழாய் இரைப்பையை விட்டு மேலே ஏறி நின்றிருந்தது. சரிசெய்து பால் கொடுத்தபோது மணி மூன்று. தாத்தா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, பசி அவருக்கு!