பெண்ணுக்கும் நெற்கதிருக்கும் நடுவே

வேளாண் கல்லூரியில் படிக்கும் பேத்தி அனுப்புகிற ஒரு எமோஜியைப் பற்றி மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்தால் அது தொப்பி போட்ட பெண் விவசாயி. பேத்தி அதையே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் தொப்பியில்லாத ஒரு பெண் முகம், பக்கத்தில் தனியாக ஒரு நெற்கதிர். "ஒரே போன், ஒரே பேத்தி. ஒன்று எப்படி இரண்டாகிறது? போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறான் மகன். வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

இதற்காக வேண்டாம். இரண்டாகத் தெரிவதுதான் பேத்தி அனுப்பிய சரக்கு. ஒன்றாகத் தெரிவது, பெறுகிற பக்கத்தில் நடக்கும் ஒப்பனை.

ஜப்பானியக் கைபேசிகளில் தொடங்கிய எமோஜி 2010-இல் யூனிகோடுக்குள் வந்த கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு எமோஜிக்கும் ஓர் எண் உண்டு, போன்கள் படத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகின்றன என்பதும் தெரிந்ததுதான். பலரும் கவனிக்காதது, எல்லா எமோஜிக்கும் சொந்த எண் கிடையாது என்பதை. பெண் விவசாயிக்கு எண்ணே இல்லை. பெண்ணுக்கு 128105. நெற்கதிருக்கு 127806. நடுவில் 8205 என்று ஒன்று. இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தால், விவரம் தெரிந்த போன் மூன்றுக்கும் பதிலாகத் தொப்பிக்காரப் பெண்ணை வரைகிறது. தெரியாத போன் பெண்ணை வரைந்து, கதிரை வரைந்து, நடுவிலிருப்பதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது.

நடுவிலிருக்கும் 8205-தான் இந்தக் கட்டுரையின் நாயகன். அதற்கு உருவம் கிடையாது. அகலம் கிடையாது. அச்சடித்தால் மை பிடிக்காது, வாய்விட்டுப் படித்தால் ஒலி வராது. கணினிக்காரர்கள் ஸீரோ விட்த் ஜாய்னர் என்பார்கள், அகலமில்லாத இணைப்பான். இரண்டு பக்கமும் இருப்பவற்றைச் சேர்த்துப் பார் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

கணினி இருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நோட்பேடில் இந்த ஒரு வரியை அடியுங்கள்:

👩‍🌾

எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து பிரவுசரில் திறந்தால் பெண் விவசாயி நிற்பாள். நடுத்துண்டை எடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தால் பெண் வேறு, கதிர் வேறு. முதல் எண்ணை 128104 ஆக்கினால் ஆண் விவசாயி. கதிரை எடுத்துவிட்டு ராக்கெட்டின் எண்ணான 128640-ஐப் போட்டால் விண்வெளி வீராங்கனை. நுண்ணோக்கியின் 128300-ஐப் போட்டால் விஞ்ஞானி. முட்டை பொரிகிற வாணலி 127859. அதைச் சேர்த்தால் என்ன வரும் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் யானையின் எண்ணான 128024-ஐச் சேர்த்துப் பாருங்கள். பெண் பாகன் வரமாட்டாள். பெண் நிற்பாள், யானை நிற்கும், அவ்வளவுதான். இணைப்பான் வெறும் விண்ணப்பம். ஒப்புதல் தருவது கருவியில் இருக்கும் எழுத்துரு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தப் படம் என்று எழுத்துருவுக்குள் ஒரு அட்டவணை உண்டு. அட்டவணையில் இல்லாத சேர்க்கைக்குப் படம் கிடையாது. எந்தெந்தச் சேர்க்கையை எல்லாக் கருவியும் ஆதரிப்பது நல்லது என்று யூனிகோட் கூட்டமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பாகனை அதில் யாரும் இன்னும் சேர்க்கவில்லை.

வாசகரின் புதிரும் இங்கே அவிழ்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் படங்களைத் தானே கொண்டுவருகிறது. செயலியைப் புதுப்பிக்கும்போது படங்களும் புதுப்பிக்கப்படுகின்றன. எஸ்எம்எஸ் செயலியோ பெரும்பாலும் போனோடு வந்த எழுத்துருவை நம்பியிருக்கிறது. பழைய போனில் அந்த எழுத்துரு, விவசாயிப் பெண் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே உறைந்துபோனது. அவள் ஏறியது 2016-இல்.

அந்த 2016 சங்கதியும் சுவையானது. அதுவரை எமோஜியில் பெண்களுக்குக் கிடைத்த வேடங்கள் இளவரசி, மணப்பெண், நடனக்காரி என்ற அளவில்தான். காவலர் என்றால் ஆண், துப்பறிவாளர் என்றால் ஆண். கூகுள் நிறுவனத்தார் அந்த ஆண்டு மே மாதம், தொழில் செய்யும் பெண்களும் வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வைத்தார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் புது எண் கேட்டிருந்தால் பரிசீலனை, ஒப்புதல், அடுத்த பதிப்பு என்று காத்திருக்க வேண்டும். அவர்கள் புது எண் எதுவும் கேட்கவில்லை. பெண் ஏற்கெனவே இருக்கிறாள், கதிர் இருக்கிறது, இணைப்பான் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை முடிந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கரடியோடு பனித்துகள் சேர்ந்தால் துருவக்கரடி. பூனையோடு கறுப்புச் சதுரம் சேர்ந்தால் கறுப்புப் பூனை. 2023-இல் பறவையோடு நெருப்பைச் சேர்த்து ஃபீனிக்ஸ் பறவையையே எழுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, சேர்வதைவிடப் பிரிகிற விதம்தான். என் அப்பா மில்லுக்கு எடுத்துப்போன நாலடுக்குக் கேரியரில் பக்கக் கம்பியின் கொக்கி தேய்ந்து, பஸ்ஸிலேயே கழன்றுகொள்ளும். கழன்றாலும் சோறு சோற்றுக் கிண்ணத்திலும் குழம்பு குழம்புக் கிண்ணத்திலும்தான் இருக்கும். பையை மடியில் வைத்தபடி போய்ச் சேர்ந்துவிடுவார், மதியச் சாப்பாடு கெடாது. பழைய போனில் பெண் விவசாயி பிரிவதும் அப்படித்தான். பெண்ணையும் கதிரையும் பார்க்கிறவருக்கு விஷயம் முக்கால்வாசி புரிந்துவிடும். விவசாயிக்குத் தனி எண் கொடுத்திருந்தால் பழைய போன் ஒரு வெற்றுக் கட்டத்தைத்தான் காட்டியிருக்கும். கட்டத்தைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்?

இன்னொன்றும் உண்டு. வாசகரின் போனில் இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று எண்களும் பத்திரமாக இருக்கின்றன. அவர் அந்தச் செய்தியை அப்படியே வேறொருவருக்கு அனுப்பினால், புதுப் போன் வைத்திருப்பவர் அங்கே ஒரே விவசாயியைப் பார்ப்பார்.

எல்லோரும் இவ்வளவு பொறுப்போடு இணைப்பானைக் கையாண்டதாகச் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் விண்டோஸ் 10-க்காக, பூனையோடு ஒரு நிழலுருவத்தைச் சேர்த்து நிஞ்சா பூனை என்று ஒன்றைச் செய்தது. பூனையோடு லேப்டாப் சேர்த்தது, ராக்கெட் சேர்த்தது என்று அதற்குக் கூட்டாளிகளும் உண்டு. வேறு எந்த நிறுவனமும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளாததால், விண்டோஸ்காரர் அனுப்பிய நிஞ்சா மற்றவர் கருவியில் ஒரு பூனையும் ஒரு நிழலுமாகப் போய் நின்றது. விண்டோஸ் 11 வந்தபோது அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

குடும்ப எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, மகள், மகன்: நாலு பேர், நடுவே மூன்று இணைப்பான்கள், ஆக ஏழு. சில செயலிகளில் பேக்ஸ்பேஸைத் தட்டத் தட்ட மகன் போவான், மகள் போவாள், கடைசியில் அப்பா மட்டும் தனியாக நிற்பார். பார்க்கிறவர்கள் திடுக்கிடுகிறார்கள். தமிழ் அடிக்கிறவர்கள் திடுக்கிடக் கூடாது. 'கு' என்று அடித்துவிட்டு ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் பல இடங்களில் 'க' மிஞ்சி நிற்கிறதல்லவா? கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு. நமக்குப் பழகிப்போன ஏற்பாடுதான்.

இணைப்பானும் எமோஜிக்காகப் பிறந்ததல்ல. ஆப்பிள் 2015-இல் குடும்பங்களைக் கோக்க அதைக் கையிலெடுத்தபோதே அது இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கை. அரபியும் நம் பக்கத்து எழுத்துகளும் யூனிகோடில் ஒழுங்காக உட்கார வேண்டும் என்பதற்காக வைத்தது. மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைக்கும்வரை இதுதான் முட்டுக்கொடுத்தது. சிங்களத்துக்கு இன்றைக்கும் இது இல்லாமல் முடியாது. இலங்கையின் பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது முதலில் வரும் ஸ்ரீயில், ரகரம் ஒரு வளைவாக மேலெழுத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டவைப்பது 8205. அதை உருவிவிட்டால் ரகரம் கழன்று தனியே வந்து நிற்கும். ஒரு நாட்டின் பெயரே எழுத்துப்பிழையாகிவிடும்.

தமிழுக்கு வேண்டியிருப்பது இதன் தம்பி, 8204. இது சேர்க்காது, பிரித்து வைக்கும். 'ரிக்‌ஷா' என்று அடிக்கும்போது க் தனியாகவும் ஷா தனியாகவும் நிற்கவேண்டும். கணினியை அதன் போக்கில் விட்டால் இரண்டையும் பிசைந்து 'ரிக்ஷா' என்று ஆக்கிவிடும். பத்திரிகை அலுவலகங்களில் தட்டச்சு செய்பவர்கள் நடுவே தம்பியைப் போட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள்.

அடிக்கும் முறை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. போனில் எமோஜிப் பலகையில் பெண் விவசாயியைத் தட்டினால் மூன்று எண்களையும் பலகையே கோத்து அனுப்பிவிடும். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு புள்ளி. மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து. பலகையில் கிடைக்காவிட்டால் வந்த செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். எஸ்எம்எஸ்ஸில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் தேவை. தமிழோ எமோஜியோ கலந்த ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான். பெண் விவசாயி 5 இடம் பிடிப்பாள். நால்வர் குடும்பம் 11. ஆறு குடும்பம் அனுப்பினால் வாழ்த்து எழுத நாலே இடம் மிச்சம்.

இடம் போனால் போகிறது, காதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். பார்வையற்றவர்களின் போன் எமோஜியைப் பெயர் சொல்லித்தான் வாசிக்கிறது. பொங்கல் வாழ்த்தின் முன்னும் பின்னும் நாம் அள்ளித் தெளிக்கிற இருபது நெற்கதிரையும் பானையையும் வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் வாழ்த்தியது யார் என்பது அவர்களுக்குத் தெரியும். சேராமல் பிரிந்துபோன எமோஜி என்றால் பட்டியல் இன்னும் நீளம். ஒன்று போட்டால் போதாதா?

என் பெரிய குறை பொறியாளர்கள் மீது. கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்றாலே குப்பை என்று நினைக்கிற ஒரு பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. பெயரைப் பதியும் படிவம், செய்தியை ஏற்றும் மென்பொருள், தேடுபெட்டி, எங்கும் ஒரு வடிகட்டியை வைத்து 8204, 8205 இரண்டையும் கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு முகவரிகளில் ஒன்றுக்குள் அகலமில்லாத எழுத்தை ஒளித்து ஏமாற்றலாம் என்ற பயம் உண்மையானது. இணையத்தள முகவரிகளுக்கான 2003-ஆம் ஆண்டு விதிகள் அண்ணன் தம்பி இருவரையும் சத்தமில்லாமல் அழித்தன. சிங்கள ஸ்ரீயை முகவரியில் ஒழுங்காக எழுத வழியில்லாமல் போனது. அடுத்து வந்த விதிகள், எந்த எழுத்தை அடுத்து வருகிறது என்று பார்த்து, தேவையான இடத்தில் அனுமதித்தன. பயத்துக்கும் தேவைக்கும் இடையே வழி உண்டு என்று அங்கேயே காட்டியாகிவிட்டது. இருந்தும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த வடிகட்டிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

செயலி எழுதும் இளைஞர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு சோதனை தருகிறேன். உங்கள் படிவத்தில் மூன்றை மட்டும் ஏற்றிப் பாருங்கள்: தமிழில் ரிக்‌ஷா, சிங்களத்தில் ஸ்ரீ, கூடவே பெண் விவசாயி. சேமியுங்கள், மூடுங்கள், திரும்பத் திறந்து பாருங்கள், தேடிப் பாருங்கள், பிடிஎஃப்பாக எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எது உடைகிறதோ அங்கேதான் உங்கள் வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது.