துருவும் வெல்லமும் தீட்டும் பட்டு

தாதர் ஹிந்த்மாதா பக்கம் சேலை எடுக்கச் செல்லும் நம் சகோதரிகளுக்குக் 'கலம்காரிப் பட்டு' புதிதல்ல. ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் கையால் வரைந்தவைதானா?

'கலம்' என்றால் பாரசீக மொழியில் எழுதுகோல். 'காரி' என்றால் வேலை. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, சற்று மேலே கம்பளி நூலைச் சுற்றி, அதை மையில் தோய்த்து, விரலால் அழுத்தியபடியே வரைவார்கள். அதற்கு முன் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும்.

கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். அந்த நீர் கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கறுத்துவிடும். ரயில்வேயில் நாங்கள் ஆயுள் முழுவதும் துருவோடு மல்லுக்கு நின்றோம். இவர்களோ அதைக் கொண்டே தெய்வங்களுக்குக் கண் எழுதுகிறார்கள்! சிவப்புக்குப் படிகாரமும் வேர்ச் சாயமும், நீலத்துக்கு அவுரியும் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் அலசி உலர்த்த வேண்டும். ஆகவே ஒரு சேலை முடிய வாரக்கணக்காகும்.

ஆந்திரத்துக் காளஹஸ்தியில் நலிந்து கிடந்த இக்கலைக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய புத்துயிர் ஊட்டினார். தமிழகத்திலும் இதற்கு வேர் உண்டு. கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக, ஜரிகை கோத்து நெய்த மெல்லிய பருத்திச் சேலைகளில் மெழுகும் சாயமும் கொண்டு சித்திரம் எழுதினார்கள். மராட்டிய அரச குலத்துப் பெண்கள் உடுத்தியது நம் ஊர்ச் சேலை! 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனையின் ஆதரவு போயிற்று. அந்தச் சேலையும் நின்றது. கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஆறுதல்.

இன்று அரண்மனை இல்லை. வாங்குகிற நாம்தான் இருக்கிறோம். கடையில் சேலையை முழுவதும் விரித்துப் பாருங்கள். ஒரே மயில் பத்து இடங்களில் இம்மியும் பிசகாமல் இருந்தால் அது இயந்திர அச்சாக இருக்கலாம். கைக்கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். மசூலிப்பட்டினத்து மர அச்சு வேலையும் கைத்தொழிலே. ஆனால் எழுதுகோல் வேலையின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. "எந்த ஊர் வேலை? கையால் வரைந்ததா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கைவேலை என்று உறுதியானால், அச்சுச் சேலையின் விலைக்குப் பேரம் பேசாதீர்கள். வரைந்தவருக்குக் கூலி கட்டினால்தான் அவர் பிள்ளையும் அந்த மூங்கில் குச்சியைக் கையில் எடுப்பான்.