கோழிக்கூட்டுக்கு எலி வருவதேன்?

கறம்பக்குடி போன்ற ஊர்களில் கொல்லையில் கோழிக்கூடோ நாய்க்கூண்டோ இருக்கும். சிந்திய தீவனத்தை நாடி இரவில் எலிகள் வரும். விஷம் வைக்கலாமா? கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதரின் கல்லீரலையே அழிக்கும். அதற்கு முறிமருந்து கிடையாது.

எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா இருக்கலாம். ஈரமண்ணில் அது பல நாள் உயிர்வாழும், உலர்ந்தால் மடியும். காலிலுள்ள புண் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 1915-இல் ஜப்பானியர் இனாடாவும் இடோவும் இதைக் கண்டறிந்தனர்.

மாணவர்களே! மாலையில் தீவனத்தட்டை எடுத்துவிடுங்கள். தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எலி மரத்தைக் கொறித்துவிடும். எனவே கூட்டுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். கூட்டைச் சுத்தம் செய்கையில் செருப்பும் கையுறையும் அணியுங்கள். பின்னர் காய்ச்சல் வந்தால், எலி நடமாட்டத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.