மாவு எத்தனாவது நாள்?

போன மார்ச் மாதம், மாலை ஏழு மணி. கவுன்டரை மூடி மூன்று மணி நேரமாகியும் மதுரையில் எங்கள் வங்கிக் கிளையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 31-ஆம் தேதிக்குள் முடிய வேண்டிய கணக்குகள் எல்லார் மேஜையிலும் கிடந்தன. செல்போனில் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது: “ராத்திரிக்கு என்னம்மா?” மறுநாள் அவளுக்குப் பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. பசியில் கேட்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னிடம் பதில் இல்லை.

அன்று வீட்டில் மாவு இருந்தது, தக்காளி இருந்தது, முட்டை இருந்தது. கணவர் ஆறரைக்கே வந்துவிட்டார். அத்தையும் வீட்டில்தான் இருந்தார். எல்லாம் இருந்தும், என்ன செய்வது என்று நான் சொல்வதற்காக நான்கு பேரும் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேருக்குத் தோசை ஊற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் தோசைதான் என்று முடிவெடுக்கும் வேலை மதியம் மூன்று மணிக்கே என் தலைக்குள் தொடங்கிவிடுகிறது. மாவு புளித்துவிட்டதா? தேங்காய் மூடி மிச்சம் இருக்கிறதா? நேற்றும் ரவா உப்புமாதானே? அத்தைக்குச் சர்க்கரை, சின்னவன் கத்தரிக்காயைத் தொடமாட்டான், பெரியவள் எட்டரைக்குள் சாப்பிட்டால்தான் பத்தரை வரை படிக்க முடியும். வாடிக்கையாளரிடம் வட்டிக் கணக்கு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சமையலாக யாரும் எண்ணுவதில்லை. நானே எண்ணியதில்லை.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஒரு நாளில் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்த சராசரி. அப்படிச் செய்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அந்த 299-இல் கையால் செய்த வேலை வந்துவிட்டது. ‘ராத்திரிக்கு என்ன’ என்ற யோசனையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வழி காட்டியது அத்தைதான். தேர்வுகள் நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, நான் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு திங்கள் சப்பாத்தி, செவ்வாய் புலாவ் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: “எதுக்கும்மா இவ்வளவு எழுதுற? மாவு எத்தனாவது நாளுன்னு பாத்தா பலகாரம் தன்னால வந்துரும்ல.”

எவ்வளவு உண்மை! நம் வீடுகளில் வாரத் திட்டம் என்பது மாவுப் பாத்திரத்துக்குள் எப்போதோ எழுதிவைத்தாகிவிட்டது. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம், நன்றாகப் புளித்துவிட்டால் கடுகு, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒவ்வொரு நாளும் மாவே அடுத்ததைச் சொல்லிவிடுகிறது. வெளியூர்ச் சமையல் குறிப்புகளைப் பார்த்துப் பட்டியல் போட்ட எனக்கு இது தோன்றவில்லை.

ஆனால் மதுரையின் மார்ச் வெயிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தும் அசையாத மாவு, இப்போது மாலையில் ஆட்டினால் நடுராத்திரியில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். உளுந்தோடு ஒட்டி வரும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்கின்றன. சூடு கூடக்கூட அவை வேகமாகப் பெருகும். புதன்கிழமைக்குள் புளித்த மாவை என்ன செய்வது? அத்தையும் நானும் சேர்ந்து கண்ட வழி இது: ஞாயிறு மாலை ஆறு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒன்றரை டம்ளர் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு ஆட்டுகிறோம். கல் சூடேறினால் உளுந்து பொங்காது என்பதால் ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான். ஆட்டியதும் இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுவோம். ஒன்றில் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைப்போம். இன்னொன்று உப்பில்லாமல் அப்படியே ஃபிரிட்ஜுக்குள் போகும். குளிரில் புளிப்பு நின்றுவிடாது, ஆனால் மிக மெதுவாகிவிடும். வியாழக்கிழமை காலை நான் கிளம்பும்முன் அதை வெளியே எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைத்துவிட்டால் மாலைக்குப் பொங்கி நிற்கும். வாரத்தில் இரண்டு முறை ‘முதல் நாள்’ கிடைத்துவிட்டது. எனக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறெதுவும் செய்ததில்லை.

இடையில் புதன்கிழமை மாவுக்கு விடுமுறை. அன்று சுடச்சுடச் சோறும், செவ்வாய்க்கிழமையே வைத்த சுண்டைக்காய் வத்தக்குழம்பும், சுட்ட அப்பளமும், ஆளுக்கொரு அவித்த முட்டையும். வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது தெரிந்ததுதானே. ஆனால் மிஞ்சிய சோற்றை மேடையிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை மட்டும் இந்த வெயிலில் விட்டுவிட வேண்டும். சோற்றில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை பெருகி வயிற்றைக் கெடுக்கும். தேர்வு வாரத்தில் அந்த ஆபத்தை யார் தாங்குவது? சூடு தணிந்ததும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம்.

ஞாயிறு காலை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பரில் திறந்தது. மார்ச்சில் முருங்கைக்காய் மலிந்துவிடும், மாங்காயும் வந்துவிடும். வாரத்துக்கான சாம்பாரைச் சந்தையே முடிவு செய்து கொடுக்கும். ஒரு கிலோ சின்ன வெங்காயமும் இரண்டு கிலோ தக்காளியும் கட்டாயம். வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுவைத்து, மத்தியானம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து உரிப்போம். வார நாளில் மாலை ஏழரை மணிக்கு இருபது சின்ன வெங்காயம் உரிப்பதுபோல மனத்தை வதைக்கும் வேலை வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே அரைக் கிலோவை உரித்துவிடலாம்.

தக்காளி முழுவதும் தொக்காகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்ட வேண்டும். ஈரக்கரண்டி படாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் தாங்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதுவே போதும். வெங்காயம் வதக்கி அதில் இரண்டு கரண்டி சேர்த்தால் முட்டைக் குழம்பு. சோற்றில் பிசைந்தால் மறுநாள் டிபன்பாக்ஸ். இதோடு ஒரு பாட்டில் பருப்புப் பொடி, அவ்வளவுதான். தேங்காய்ச் சட்னியை மட்டும் முன்கூட்டி அரைக்காதீர்கள், கெட்டுவிடும். கத்தரிக்காயையும் நறுக்கி வைக்காதீர்கள், கறுத்துவிடும்.

தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். மாதத்தில் இரண்டு இரவு எங்கள் வீட்டிலும் பரோட்டா பார்சல்தான். அதையும் முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். குறித்துவைத்த பரோட்டாவைத் தின்னும்போது நெஞ்சு உறுத்துவதில்லை.

கடினமாக இருந்தது வேறொன்று. கணவர் நல்ல மனிதர், வேலைக்கு அஞ்சாதவர். மாலையில் போன் செய்து, “நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்பார். உதவியாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வியோடு யோசிக்கும் வேலை மறுபடி என்னிடமே வந்துவிடும். இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பத்தொன்பது வருடம் போயிருக்கிறது. ஒரு ராத்திரி சொல்லிவிட்டேன்: “ஏங்க, செவ்வாயும் வெள்ளியும் உங்களோடது. என்ன செய்யணும்னு என்கிட்ட கேக்காதீங்க. எது செஞ்சாலும் நான் சாப்பிடுறேன்.” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இவ்வளவு நாள் நீயா யோசிச்சிட்டிருந்த?” என்றார். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது எனக்கும் எளிதாக இல்லை. தோசைக்கல் போதுமான அளவு காயவில்லை என்று கதவருகிலிருந்தே தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வேலை அன்றே என்னிடம் திரும்பிவிடும். அடுப்படிப் பக்கம் போகாமல் மகளுக்குக் கேள்வித்தாளிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அரை மணி நேரம் எனக்கும் அவளுக்கும் அந்த மாதத்தில் கிடைத்த நல்ல நேரம்.

31-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. வருடக் கணக்கு முடித்து நான் கிளம்ப ராத்திரி ஒன்பதே முக்கால். மாலை முழுக்க போனைப் பார்க்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் சின்னவன் ஏழரைக்கே அனுப்பியிருந்தான்: “அப்பா தோசை ஊத்தியாச்சு. தேங்காய் இல்ல. தொக்கு வெச்சு சாப்ட்டோம். உனக்கு ஹாட்பாக்ஸ்ல இருக்கு.”

வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் தூங்கிவிட்டிருந்தார்கள். ஹாட்பாக்ஸில் மூன்று தோசை இருந்தன. தொக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். எனக்காக ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்துத் தனியே மூடி வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். சிலிண்டர் மாற்றிய தேதிக்குக் கீழே, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், கணவரின் கையெழுத்து: தக்காளி 2 கிலோ, தேங்காய் 3.