அக்கா வரும் பின்னே, வடகம் மணக்கும் முன்னே!

ஒரு உண்மையை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து அக்கா குடும்பம் வந்து இறங்கும்போது எங்கள் வீட்டில் தட்டு தட்டாக எடுத்து வைக்கிறோமே, வடாம், முறுக்கு, ஊறுகாய், தட்டை, அதெல்லாம் மிச்சம். ஆமாம், மிச்சம்தான்! அசல் விருந்து ஏப்ரலிலும் மே மாதத்திலும் செங்கல்பட்டில் எங்கள் மொட்டைமாடியில் அவர்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் திருட்டு விருந்துக்குத்தான் இப்போது உங்களை அழைத்துப் போகிறேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் ஏறுங்கள். மாடியில் ஆயா இருக்கிறார், எங்கள் பாட்டி.

வேடந்தாங்கலுக்கு வந்த வெளிநாட்டுப் பறவைகள் மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். எங்கள் மாவட்டத்துக்கு அடுத்து வரும் வெளிநாட்டுக் கூட்டம் சொந்தக்காரர்கள்தான். சிங்கப்பூர் சித்தப்பா வீட்டுக்கு மே கடைசியில் பள்ளி விடுமுறை, நியூ ஜெர்சி அக்காவுக்கு ஜூன் நடுவுக்குமேல், லண்டன் அத்தைக்கு ஜூலை கடைசி. ஆளுக்கொரு நேரத்தில் பள்ளிக்கூடம் மூடினால் மூடட்டும், அக்னி நட்சத்திரம் யாருக்காகவும் காத்திருக்காதே! மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அந்த வெயிலுக்குள் காய வேண்டியதெல்லாம் காய்ந்தாக வேண்டும். அதனால் 'டிக்கெட் போட்டாச்சு' என்று குடும்ப வாட்ஸாப்பில் செய்தி விழுந்ததும் அம்மா கேட்கிற கேள்வி எந்த விமானம், எத்தனை மணிக்கு என்பதல்ல. "சின்ன வெங்காயம் இன்னா விலை போவுது?"

வெங்காயம் வடகத்துக்கு. வடாம் வேறு, வடகம் வேறு. தெற்கே போனால் இதைச் சொல்லி விளக்கவே அரை நாள் ஆகும். எங்கள் பக்கத்து வடகம் பொரித்துக் கடிக்கிற சாமான் இல்லை, தாளிக்கிற சாமான். காரக்குழம்பிலோ கீரைக் கடைசலிலோ ஒரு சிட்டிகை விழுந்தால் நாலு வீடு தள்ளி இருக்கிறவர் எழுந்து உட்காருவார். சின்ன வெங்காயத்தை உரித்து, ஒன்றும் இரண்டுமாக இடித்து, பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உடைத்த உளுந்து, மஞ்சள்தூள், உப்பு, எல்லாம் சேர்த்து ஒரு இரவு பானையில் ஊறவிடுவார்கள். மறுநாள் பிழிந்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே சாற்றில் போட்டு, காலையில் மறுபடி பிழிந்து பரப்பி... சாறு வற்றுகிறவரை இந்தக் கூத்து தொடரும். பிறகு உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி உருண்டை பிடித்துக் கல்லு மாதிரி ஆகும்வரை காயவைத்தால், அடுத்த வருடக் கோடை தாண்டியும் கெடாது.

வாசனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் தெருவே மூக்கைப் பொத்தும். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வூட்டுலயா வடகம் போடுறீங்க?" என்று தெரியாததுபோல் மதில்மேல் எட்டிப் பார்ப்பார். உருண்டை பிடிக்கிற நாளில் கையில் கிண்ணத்தோடு வந்து நிற்பார். கொடுக்காமல் இருக்க முடியுமா? முதல் கணக்கு அங்கே குறைகிறது.

இதில் இப்போது ஒரு சர்வதேசச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவுக்குள் கறிவேப்பிலை போகக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் காலி செய்கிற ஒரு நோயைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் உயிர், அதனால் தடை. ஆக எங்கள் மாடியில் இரண்டு பானைகள்: உள்ளூர்ப் பானையில் கறிவேப்பிலை உண்டு, நியூ ஜெர்சிப் பானையில் கிடையாது. ஆயாவுக்கு இந்த ஏற்பாடு சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கறிவேப்பில இல்லாத வடகத்தத் துன்னறதுக்கு அவ அங்க எதுக்குடி போனா?"

வடகம் ஒரு மூலையில் காய, இன்னொரு மூலையில் மிளகாய். வருடத்துக்கு ஒருமுறை அரைக்கிற குழம்புத்தூளுக்கு நீட்டு மிளகாயும் குண்டு மிளகாயும், அதைவிடக் கூடுதலாகத் தனியாவும், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் முறுமுறுவென்று காய வேண்டும். பிறகு தூக்கு, அன்னக்கூடை சகிதம் மாவு மில். மே மாதம் மில் வாசலில் நின்று பாருங்கள், வரிசையில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும். தும்மலுக்கு நடுவே யார் மகள் எந்த ஊரிலிருந்து எப்போது வருகிறாள் என்ற தகவல் மொத்தமும் அங்கேயே கிடைத்துவிடும். எதிர்வீட்டு மருமகளுக்கு மூன்றாவதும் பெண் என்பதே எங்களுக்கு மில்லில்தான் தெரிந்தது! அரைத்த தூளைச் சூட்டோடு மூடக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறுகிறவரை யாரும் மின்விசிறி போடக் கூடாது என்பது சட்டம். தம்பி ஒருமுறை போட்டான், அது தனிக்கதை.

இப்போது முக்கியமான காட்சி, கூழ் வடாம். அம்மாவும் உள்ளூர் அத்தையும் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊற்றி முடிக்க வேண்டுமே! புளித்த அரிசிமாவைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுக் கைவிடாமல் கிண்டி, அரைத்த பச்சைமிளகாய், உப்பு, பெருங்காயம், சீரகம் சேர்த்தால் கூழ். ஜவ்வரிசி தனிப் பாத்திரத்தில் கண்ணாடியாக வெந்துகொண்டிருக்கும், இறக்கியதும் எலுமிச்சை பிழிவார்கள். மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து, ஒரு பக்கம் கரண்டியால் வட்டம் வட்டமாக ஜவ்வரிசி, மறுபக்கம் அச்சில் போட்டுக் கூழைப் பிழிவது.

அந்தக் கூழ் இருக்கிறதே, அந்தக் கூழ்! சுடச்சுட ஒரு கிண்ணத்தில் வாங்கி நல்லெண்ணெய் விட்டுக் குடித்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். கீழிருந்து மாடிக்கு வருவதற்குள் பாத்திரம் கொஞ்சம் லேசாகியிருக்கும். பகல் பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு. மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று அரைகுறையாக நிற்கிற வடாம், உப்பும் காரமும் வெயில் சூடும் சேர்ந்து என்னமாய் இருக்கும்! பொரித்த வடாமைவிட அது ருசி என்று நான் சாதிப்பேன், வீட்டில் யாரும் மறுத்ததில்லை. காக்கா விரட்டத்தான் எங்களை மாடியில் உட்கார வைத்தார்கள். கறுப்புக் குடை, நீட்டுக் கொம்பு, எல்லாம் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆயா வேட்டியைப் பார்த்துவிட்டுக் காக்காய்களைத் திட்டினார். காக்காய்கள் பாவம்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்யுமே, சுற்றிலும் எலிகள்? முறுக்கு டின்னுக்கு முன்னால் தம்பி உட்கார்ந்திருக்கிற தோரணை அப்படியே அதுதான்.

"இன்னாடா வாய்ல?"

"ஒண்ணுமில்ல ஆயா."

"ஒண்ணுமில்லாத வாயா நொறுக்கு நொறுக்குன்னு சத்தம் போடுது?"

விருந்தைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்துக்கு உரிமை இருக்கிறது, சும்மா சொல்லவில்லை. 2019 அக்டோபர் 11 இரவு, கடற்கரைக் கோயில் வளாகத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் மோடி விருந்து கொடுத்தார். தக்காளி ரசம், அரைத்துவிட்ட சாம்பார், கவனரிசி அல்வா என்று பட்டியல் பேப்பரில் வந்தது. அம்மா அதை வரிவரியாக வாசித்துக் காட்டினார். பட்டியலில் பச்சைச் சுண்டைக்காய் என்றதும் ஆயாவுக்கு மகா திருப்தி. கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "வத்தக்கொழம்பு இல்லயே? அவ்ளோ தூரத்துல இருந்து வந்த மனுசன்!" சரியாக அடுத்த மாதம், நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. சாம்பாரின் மகிமை என்று வீட்டில் கொஞ்ச நாள் ஓடியது.

மீன் விஷயத்தில் மட்டும் மாப்பிள்ளைக்கு எப்போதும் நேரம் சரியில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடுகிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆகவே தேவனேரி, கொக்கிலமேடு பக்கம் விடியற்காலையில் போய் நின்றால் நெத்திலி, நண்டு, கானாங்கெளுத்தி என்று கையோடு ஏதாவது கிடைக்கும். வஞ்சிரத்தை மட்டும் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். பிள்ளைகள் பள்ளியில் சேர்வதற்கு முன், ஜூன் முதல் வாரத்திலேயே வந்து இறங்கி "வஞ்சிரம் வறுவல் உண்டா அத்தை?" என்று மாப்பிள்ளை ஆசையாய்க் கேட்ட வருடம், அம்மா நெத்திலிக் குழம்பையே நாலு விதமாக வைத்துச் சமாளித்தார். அடுத்த வருடத்திலிருந்து அக்கா ஜூன் 15க்குப் பிறகு டிக்கெட் போடுகிறாள். காரணம் கேட்டால் கட்டணம் குறைவு என்பாள். நம்புவோம்.

அவர்கள் வந்து சேருகிற இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீனம்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். கூத்து விடியற்காலை மூன்று மணிக்குத்தான். நமக்கு மூன்று என்றால் நியூ ஜெர்சிக்கு மாலை ஐந்தரை, அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம். கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டும் கூடத்தில் நிற்கும். வீட்டில் அந்நேரத்தில் விழித்திருக்கும் ஒரே ஆள் ஆயா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. தோசைக்கல் மட்டும் சொய்ங் என்று பேசும். காலையில் நாங்கள் எழுந்து வரும்போது மாவுப் பாத்திரம் காலி, பிள்ளைகள் ஆயா மடியில். இந்தப் பிள்ளைகள் குழம்பு வகையைத் தொடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டித்தயிர்ச் சோறும் பொரித்த வடாமும் போதும், மூன்று வேளையும் அதுவே. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆயாவுக்கு வெற்றி, வடாம் அவர் துறையாயிற்றே!

மாமல்லபுரம் போகாமல் எந்த வருகையும் முடியாது. வழியில் திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் ஆயா கழுகுக் கதையை ஆரம்பிப்பார். தினம் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் எங்கிருந்தோ பறந்து வந்து குருக்கள் கையால் சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டுப் போகும். பார்க்கக் கூட்டம் மலையேறும். 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. "ஏன் வரல?" என்று சின்னவன் கேட்டதற்கு, "பொங்கல்ல நெய்யக் கொறச்சிருப்பானுங்க" என்றார் ஆயா.

சோறு கட்டிக்கொண்டு போவதில் எங்களுக்கு ஒரு பெருமை. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தக்காளித் தொக்கு. வடாமை அங்கே கொண்டுபோவதுதான் சவால். கடல்காற்று பட்டதும் நமத்துவிடும் என்பதால் இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சாப்பிடும்போது ஒருவர் திறக்க, எல்லாரும் எடுக்க, உடனே மூட வேண்டும். சவுக்குத்தோப்பு நிழலில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தால் ஒரு ராணுவப் பயிற்சிக்குரிய ஒழுங்கு வந்துவிடும். அதற்கு முன்பே, காலை ஆறு மணிக்குத் திறந்தவுடன் ஐந்து ரதத்தைப் பார்த்துவிடுவது நல்லது, பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. டிக்கெட் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் 40தான், பதினைந்து வயதுக்குக் கீழே யாருக்கும் காசில்லை. மாப்பிள்ளை அந்த அட்டையை எடுத்து நீட்டும் மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

ஆயாவுக்குப் பிடித்தது ரதமும் இல்லை, வெண்ணெய் உருண்டைப் பாறையும் இல்லை. கிருஷ்ண மண்டபத்துக்குள் ஒருவர் மாடு கறக்க, மாடு கன்றை நக்கிக்கொண்டு நிற்கிற சிற்பம். "கன்னுக்குட்டி பக்கத்துல இருந்தாத்தான் பால் எறங்கும், செதுக்கினவன் வூட்ல மாடு இருந்திருக்குது" என்று பிள்ளைகளிடம் சொன்னார். பால் அட்டைப்பெட்டியில்தான் வரும் என்று நினைத்திருந்த சின்னவன் அந்த மாட்டை வெகுநேரம் பார்த்தான். திரும்பும்போது சாலையோரத்தில் நுங்கு. விரலைவிட்டு நோண்டிச் சாப்பிடத் தெரியாமல் சட்டை முழுக்கத் தண்ணீர். சாப்பிட்டு முடித்த நுங்குக் கூட்டில் தம்பி வண்டி செய்து கொடுக்க, அந்த வண்டியை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரே அழுகை.

மூட்டை கட்டுகிற நாளில் வீடு சுங்கச்சாவடி ஆகிவிடும். லண்டனுக்குப் பால் இனிப்பு ஆகாது, பால் பொருளுக்கு அங்கே தடை. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கசகசா கூடவே கூடாது, அங்கே அது போதைப்பொருள் விவகாரம். ஆகவே சித்தப்பா வீட்டுக் குருமாத்தூள் தனிப் பக்குவம். எந்த நாடானாலும் உணவு இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். ஊறுகாய் கைப்பையில் போகாது, எண்ணெய் கசியாமல் மூன்று உறை போட்டுப் பெட்டிக்குள்தான். எவர்சில்வர் டப்பா எடை கூடுமென்று அக்கா பிளாஸ்டிக் உறைகளை நீட்ட, அதில் போட்டால் தூள் வாசனை செத்துவிடும் என்று ஆயா டப்பாவைப் பிடித்துக்கொள்ள, பெட்டிக்கு 23 கிலோ என்று மாப்பிள்ளை ஓரமாக நின்று நினைவூட்டினார்.

தொங்குதராசில் மாட்டினோம், 25 காட்டியது. அதிரசத்தை எடுக்கலாமா என்றாள் அக்கா. ஆயா பெட்டியைத் திறந்து, உள்ளே கை விட்டுத் துழாவி, மாப்பிள்ளையின் ஷூ ஜோடியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்.

"ஏன், செருப்பு அந்த ஊர்ல விக்கறதில்லியா?"