உதடு பிளந்து பிறந்த பிள்ளைக்கு ஆபரேஷன்: பணம் கட்ட வேண்டாம், காலம் கடத்தவும் வேண்டாம்!

ராஜபாளையம்:

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் இறங்கினால் தறிச்சத்தம்தான் முதலில் காதில் விழும். அங்கு நெய்வது கட்டிக்கொள்கிற துணி அல்ல. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் ஒற்றவும், காயத்துக்கு கட்டு போடவும் பயன்படும் பேண்டேஜ் துணி. இந்த ஊர் துணி வெளிமாநில ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது.

அந்த தறியை ஓட்டுகிற வீட்டில் உதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? "ஆபரேஷனுக்கு லட்சக்கணக்குல ஆகுமாமே, நம்மளால முடியுமா" என்பதுதான் முதல் பேச்சு. "மொட்டை எடுத்து காது குத்தட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்பது அடுத்த பேச்சு. அப்படியே வருஷம் ஓடிவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போய், கேலிக்கு பயந்து பாதியில் நின்று, கல்யாண வயது வரும்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

இதில் வேதனை என்னவென்றால், இந்த ஆபரேஷனுக்கு ஏழைக்குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பேப்பரில் படம் போட்டு உதவி கேட்க வேண்டிய நிலையும் இல்லை. பணம் தர ஆள் இருக்கிறார்கள். பிள்ளைதான் நேரத்துக்கு போய்ச்சேருவதில்லை.

700-ல் ஒரு குழந்தை

சுமார் 700 குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்றுக்கு உதட்டுப்பிளவோ, அண்ணப்பிளவோ இருக்கிறது. இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 35 ஆயிரம் குழந்தைகள் இப்படி பிறப்பதாக இந்த துறையில் உள்ள தொண்டு நிறுவனங்கள் கணக்கு சொல்கின்றன. சிலருக்கு உதட்டில் மட்டும் பிளவு இருக்கும். சிலருக்கு உதடு சரியாக இருந்தாலும் வாய்க்கு உள்ளே மேல் அண்ணம் பிளந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தியை தொட்டாள், காய் நறுக்கினாள், அதனால்தான் இப்படி என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த பழி முழுக்க பெற்றவள் தலையில் விழுகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தாய் கர்ப்பமான 4-வது வாரத்தில் இருந்து 7-வது வாரத்துக்குள் குழந்தையின் உதடு கூடிவிட வேண்டும். 9-வது வாரத்துக்குள் அண்ணம் கூட வேண்டும். இரண்டு பக்கத்தில் இருந்தும் வளர்ந்து வரும் சதை நடுவில் ஒட்டாமல் போனால் அது பிளவு. பல பெண்களுக்கு அந்த நேரத்தில் தாங்கள் கர்ப்பம் என்பதே சரியாக தெரிந்திருக்காது.

பரம்பரை ஒரு காரணம். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வலிப்புக்கு சாப்பிடும் சில மாத்திரைகள், புகையிலை, போலிக் ஆசிட் சத்து குறைவு ஆகியவற்றையும் டாக்டர்கள் காரணமாக சொல்கிறார்கள். எதுவுமே இல்லாத வீட்டிலும் பிறப்பது உண்டு. 5-வது மாத ஸ்கேனில் உதட்டுப்பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் அண்ணப்பிளவு ஸ்கேனில் தெரிவது கஷ்டம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வழி இரண்டு. ஒன்று அரசு. மற்றொன்று தொண்டு நிறுவனம்.

அரசு வழியில் ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத்திட்டம் 2013-ம் ஆண்டு தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகை குறைபாடுகளை கண்டுபிடித்து இலவசமாக சிகிச்சை தருவது இந்த திட்டம். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு, வளைந்த பாதம், பிறவி இருதய கோளாறு, பிறவி கண்புரை, காது கேளாமை எல்லாம் இதில் அடக்கம். திட்டத்தின் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் 2 முறையும், அரசு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு முறையும் வர வேண்டும். குழு வருகிற அன்றைக்கு பிள்ளையை வீட்டில் ஒளித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை.

இது தவிர முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டம் 2012-ம் ஆண்டு முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை செலவை இது ஏற்கிறது. கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச்சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கார்டுடன் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு போனால் அட்டை வாங்கலாம். எந்த ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரியில் இதில் வரும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தொண்டு நிறுவன வழி வேறு மாதிரி. குடும்பத்தின் கையில் யாரும் பணம் தருவதில்லை. ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்கு நேரடியாக கொடுத்துவிடுகிறார்கள். ஆபரேஷன், மயக்க மருந்து, மாத்திரை, படுக்கை எல்லாம் அதில் முடிந்துவிடும். பஸ் செலவும், சாப்பாடும் கொடுக்கும் இடங்கள் உண்டு.

முன்பெல்லாம் வெளிநாட்டு டாக்டர்கள் கூட்டமாக வந்து முகாம் போட்டு ஆபரேஷன் செய்துவிட்டு போவார்கள். அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. 1999-ல் வந்த ஸ்மைல் டிரெயின் அமைப்பு பாணியை மாற்றியது. டாக்டரை பிளைட் ஏற்றி அனுப்புவதற்கு பதிலாக அந்தந்த நாட்டு டாக்டர்களுக்கே பயிற்சி, உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே பணம் என்று ஆக்கியது. முகாம் முடிந்து டாக்டர் ஊருக்கு போய்விட்டால் தையல் பிரிந்த குழந்தையை யார் பார்ப்பது? உள்ளூர் டாக்டர் என்றால் மறுவாரமும் இருப்பார்.

ஆஸ்கர் மேடை ஏறிய கதை

2009 பிப்ரவரியில் ஏ.ஆர்.ரகுமான் 2 ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே மேடையில் 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும்படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது பலருக்கு தெரியாது. உத்தரபிரதேச மாநிலம் மிர்சாபூர் பக்கத்து கிராமத்து சிறுமி பிங்கி, உதடு பிளந்து பிறந்தவள். கேலிக்கு பயந்து பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள். ஊர் ஊராக பிள்ளைகளை தேடிப்போன ஒரு சமூக பணியாளர் கண்ணில் பட்டாள். வாரணாசியில் டாக்டர் சுபோத்குமார் சிங் அவளுக்கு ஆபரேஷன் செய்தார். செலவை ஸ்மைல் டிரெயின் ஏற்றது. 2013 விம்பிள்டன் ஆண்கள் பைனலில் காசு சுண்டி போட்டதும் இதே பிங்கிதான்.

அந்த படத்தில் கவனிக்க வேண்டியது ஆபரேஷனை விட அந்த சமூக பணியாளரின் அலைச்சல்தான். இலவசம் என்று சொல்லியும் நம்பாத அப்பாக்களை உட்கார வைத்து பேசுகிறார். நம் பக்கத்திலும் அந்த வேலைக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

5 கிலோ கணக்கு

ஆபரேஷனுக்கு பணம் தடை இல்லை என்றால் எதுதான் தடை? முதல் தடை குழந்தையின் எடை.

உதட்டு ஆபரேஷனை 3 மாதத்தில் இருந்து 6 மாதத்துக்குள் செய்துவிடலாம். ஆனால் மயக்க மருந்தை தாங்க குழந்தை சுமார் 5 கிலோ இருக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 இருக்க வேண்டும். அண்ணம் பிளந்த குழந்தையால் மார்பில் உறிஞ்சி குடிக்க முடியாது. குடித்த பால் மூக்கு வழியாக வரும். பயந்துபோய் பாலை குறைப்பார்கள். எடை ஏறாது. ஆஸ்பத்திரிக்கு போனால் "எடை போதாது, அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கு நம் வீட்டுச்சாமானே போதும். தாய்ப்பாலை பீய்ச்சி எடுத்து, குழந்தையை தலை தூக்கலாக மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடையிலோ சங்கிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். படுக்கப்போட்டு ஊற்றினால் புரையேறிவிடும். இடையிடையே தோளில் போட்டு தட்டி காற்றை வெளியேற்ற வேண்டும். உதட்டில் மட்டும் பிளவு இருக்கிற குழந்தைகள் பல நேரம் மார்பிலேயே குடித்துவிடும்.

அண்ண ஆபரேஷன் 9 மாதத்தில் இருந்து ஒன்றரை வயதுக்குள் நடக்க வேண்டும். இந்த கெடு ஏன் முக்கியம் என்றால், பிள்ளை பேச ஆரம்பிக்கிற நேரம் அது. அண்ணம் மூடாமல் இருந்தால் காற்று மூக்கு வழியாக போய்விடும். 'பாட்டி' என்று சொல்ல நினைத்தால் 'மாந்நி' மாதிரி கேட்கும். இரண்டு மூன்று வருஷம் இப்படியே பேசி பழகிவிட்டால் அப்புறம் அண்ணத்தை மூடினாலும் பழைய பேச்சு போகாது. நடுக்காதில் நீர் கோர்த்து காது மந்தம் ஆவதும் இந்த பிள்ளைகளுக்கு அதிகம். பேச்சுக்கோளாறை பார்த்து "மந்த புத்தி" என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு. பிளவு மட்டும் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு புத்தியில் எந்த குறையும் கிடையாது.

ஒரே நாளில் முடியாது

இதைத்தான் பலர் சொல்வதில்லை. உதடு, அண்ணம் ஆகிய 2 ஆபரேஷனோடு கதை முடிந்துவிடாது. ஈறு எலும்பில் இடைவெளி இருந்தால் 8 வயதில் இருந்து 11 வயதுக்குள் இடுப்பு எலும்பில் கொஞ்சம் எடுத்து வைத்து நிரப்புவார்கள். மேல்தாடை உள்வாங்கி இருந்தால் வளர்ச்சி நின்ற பிறகு, 17, 18 வயதில் தாடை ஆபரேஷன். மூக்கை சரி செய்வதும் அப்போதுதான். நடுவில் பல்லுக்கு கம்பி, பேச்சு பயிற்சி.

ஆபரேஷனுக்கு பணம் தருகிறவர்கள் உண்டு. அம்மா இழக்கும் கூலிக்கு பணம் தருகிறவர்கள் அபூர்வம். தறி நின்றால் கூலி நின்றது. மில்லில் ஷிப்ட் போனால் அன்றைய சம்பளம் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மதுரை சுமார் 75 கிலோ மீட்டர். ராஜபாளையத்தில் இருந்து இன்னும் 12 கிலோ மீட்டர் கூடுதல். அரைமணி நேர பேச்சு பயிற்சிக்கு ஒரு நாள் முழுக்க போய்விடும். இரண்டு வாரம் போவார்கள், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார்கள். அவர்களை குறை சொல்ல முடியாது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆஸ்பத்திரி, கனடாவை சேர்ந்த டிரான்ஸ்பார்மிங் பேசஸ் என்ற அமைப்பின் பண உதவியுடன் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்கள் கிராமத்துக்கு போய் பிள்ளைகளுக்கு பேச்சு பயிற்சி தந்தார்கள். பிள்ளை ஆஸ்பத்திரிக்கு போகவில்லை, பயிற்சி பிள்ளையை தேடி வந்தது. விருதுநகர் மாவட்டத்து கிராமங்களுக்கும் இப்படி ஒன்று வந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்.

வயது தாண்டியவர்கள்

சின்ன வயதில் தவறவிட்டு இப்போது 16, 17 வயதில் இருக்கிற பிள்ளைகள் "இனிமே எங்க" என்று உட்கார வேண்டியதில்லை. உதட்டை எந்த வயதிலும் சரி செய்யலாம். முகம் நன்றாகவே மாறும். அண்ணத்தையும் மூடலாம். பேச்சு மட்டும் முழுதாக தெளிவாகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 18 வயதோடு முடிகிறது. தாடை ஆபரேஷனுக்கு வயது வரும்போது அந்த திட்டத்தின் கதவு மூடுகிறது. எனவே 17 வயதிலேயே பெயரை பதிந்து வைப்பது புத்திசாலித்தனம். அதை தாண்டியவர்கள் காப்பீட்டு அட்டையையோ, பெரியவர்களுக்கும் ஆபரேஷன் செய்யும் தொண்டு நிறுவனத்தையோ பார்க்க வேண்டும்.

பஸ் நிலையத்தில் பிளந்த உதட்டு குழந்தையின் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு உண்டியல் குலுக்குகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இலவசமாக நடக்கும் ஆபரேஷனுக்கு எதற்கு உண்டியல்? உண்மையிலேயே உதவ நினைக்கிறவர்கள் அந்த குடும்பத்தை மதுரைக்கு கூட்டிப்போய் வரும் செலவை ஏற்கலாம். "ஆபரேஷன் நாங்க பண்ணி வைக்கிறோம், பதிவு பீஸ் மட்டும் கட்டுங்க" என்று யாராவது கேட்டால் அவர்களும் மோசடிக்காரர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் அங்கன்வாடி ஊழியரிடமோ, கிராம சுகாதார நர்சிடமோ சொன்னால் போதும். 104 என்ற எண்ணுக்கு போன் போட்டும் கேட்கலாம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. போகும்போது பிறப்பு சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை கையோடு எடுத்துப்போக வேண்டும். பஸ் ஏறும் முன் குழந்தைக்கு சளி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் அன்றைக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து வேறு தேதி கேட்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.