எலி சொல்லும் எண்

ஒரு பொருளின் நச்சுத்தன்மையை எண்ணால் சொல்லும் முறையை 1927-இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜே. டபிள்யூ. டிரெவன் வகுத்தார். ஒரே இன விலங்குகளிலும் சில சிற்றளவுக்கே சாகும். சில பேரளவையும் தாங்கும். எனவே முதல் சாவையும் கடைசிச் சாவையும் விட்டுவிட்டு, பாதி விலங்குகள் சாகும் அளவை அவர் எடுத்துக்கொண்டார். எல்.டி.50 எனப்படும் இது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படும். எண் சிறுத்தால் நஞ்சு கடுமை. எலிக்கு வாய்வழி கொடுக்கும்போது கறியுப்புக்கு இது சுமார் 3,000. கோப்பியிலுள்ள கஃபீனுக்கு 200-ஐ ஒட்டி.

இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் மருந்துகளும் இந்த எண்ணைக் கொண்டே தரம் பிரிக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய பட்டியலில் 50-க்குக் கீழானவை முதலாம் வகுப்பு. 50 முதல் 2,000 வரை இரண்டாம் வகுப்பு. முதலாம் வகுப்பில் எஞ்சியிருந்தவற்றை இலங்கை 1995-இல் தடைசெய்தது.

சிக்கல் இரண்டாம் வகுப்பில் இருந்தது. பூச்சிநாசினி குளோர்பைரிபொஸுக்கு எலியின் எண் 135. களைநாசினி பரகுவாட்டுக்கு 150. எலியைக் கேட்டால் முன்னதே சற்றுக் கொடியது. ஆனால் 2002 முதல் 2008 வரை இலங்கை மருத்துவமனைகளில் இத்தகைய நஞ்சுகளை உட்கொண்ட 9,302 நோயாளரைப் பின்தொடர்ந்த ஆய்வில், குளோர்பைரிபொஸ் உட்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேர் இறந்தனர். பரகுவாட் உட்கொண்டவர்களில் நாற்பதுக்கும் மேல். முன்னதற்கு அத்ரோபின் என்ற மாற்றுமருந்து உண்டு, செயற்கைச் சுவாசம் உண்டு. பரகுவாட் நுரையீரலில் சேர்ந்து திசுவை அழிக்கும். மாற்றுமருந்து இல்லை, ஒட்சிசன் கொடுப்பதும் கேட்டைக் கூட்டலாம். ஆய்வுக்கூட எலிக்கு எவரும் சிகிச்சை செய்வதில்லை. அந்த எண்ணில் மருத்துவமனைக்கு இடமே இல்லை. தோட்டக்காரருக்கோ அங்கு சிகிச்சை பலிக்குமா என்பதுதான் முக்கியம். 2008 முதல் பரகுவாட் படிப்படியாக விலக்கப்பட்டது.

ஏராளமான விலங்குகளைக் கொன்ற பழைய சோதனை முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு (ஓ.ஈ.சி.டி.) 2002-இல் கைவிட்டது. இப்போதைய முறைகளுக்குச் சில எலிகளே போதும்.

நாள்பட்ட தீங்கை எல்.டி.50 காட்டாது. அதற்கு விலங்குகளுக்கு நீண்டகாலம் சிறுசிறு அளவு கொடுத்து, கேடு எதுவும் தோன்றாத உச்ச அளவைக் காண்பார்கள். அதைப் பெரும்பாலும் 100-ஆல் வகுப்பார்கள்: விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து. கிடைப்பதே ஒருவர் ஆயுள் முழுதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு.

கற்பிட்டியில் உரத்தின் நைத்திரேற்று மணலூடே கசிந்து ஆழமற்ற கிணறுகளில் சேர்கிறது. குடிநீரில் அதற்கான வரம்போ விலங்குச் சோதனையில் பிறந்ததன்று. கிணற்று நீரில் கரைத்த பால்மாவைக் குடித்து உடல் நீலம்பாரித்த கைக்குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளிலிருந்து வந்தது. அந்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.